கல்லெழுத்தும் கைபேசியும்

பயணத்திற்கென்று தனியாகக் கேமரா சுமக்க வேண்டியதில்லை, கைபேசியே போதும் என்று நண்பர்களிடம் ஓயாமல் வாதிட்டு வந்தவன் நான். இன்றும் அந்தக் கட்சியில்தான் இருக்கிறேன். ஆனால் தாராசுரம் போய்வந்த பிறகு 'போதும்' என்ற சொல்லை முன்போல் உரக்கச் சொல்ல முடியவில்லை.

முதலில் என் கட்சியின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கேமரா, இரண்டு லென்ஸ்கள், பை எல்லாம் சேர்ந்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாது. நெரிசலான நகரப் பேருந்தில் அந்தப் பை ஒரு கைக்குழந்தை. கீழே வைக்க முடியாது. உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுக்கவும் மனம் வராது. அதைவிட முக்கியம், எதிரில் இருப்பவரின் முகம். பெரிய லென்ஸைக் கண்டதும் பூக்கட்டும் அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைத்துப் போகிறார், அல்லது "எந்தப் பத்திரிகை தம்பி?" என்கிறார். கைபேசியை யாரும் பொருட்படுத்துவதில்லை. (பொருட்படுத்தாமையைச் சம்மதமாகக் கொள்ளலாமா என்பது வேறு கேள்வி. இப்போதெல்லாம் நான் கேட்டுவிட்டே எடுக்கிறேன். கேட்டதும் அவர் விறைத்துவிடுவதால் என் வாதத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது.)

2000இல் ஷார்ப் நிறுவனம் ஜப்பானில் கேமராவுடன் வெளியிட்ட கைபேசியின் படத்தில் இருந்தவை சுமார் 1,10,000 புள்ளிகள். இன்று சாதாரணக் கைபேசியிலும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஆகவே புள்ளிக் கணக்கில் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் இராசராசன் காலத்தது, 12ஆம் நூற்றாண்டு. சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் வடிவிலான மண்டபத்தைக் கைபேசியின் அகன்ற லென்ஸ் ஒரே படத்தில் அள்ளிக்கொண்டது. யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் புகழ்பெற்ற சிற்பம் போன்றவை மிகச் சிறியவை. அவற்றின் அருகில் குனிந்து எடுப்பதற்குக் கைபேசிதான் தோதானது. உணரியின் பரப்பு சிறியதென்பதால் முன்னும் பின்னும் ஒருசேரத் தெளிவாக விழுகின்றன. அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் அங்கே போனதற்கு முதற்காரணம் வேறு. மூலக்கோயிலின் அடித்தளத்தில் நாயன்மார் கதைகள் சிறுசிறு சிற்பங்களாக வரிசையாக அமைந்திருக்கின்றன. கூடவே பெயர்ப் பொறிப்புகள். அவற்றைப் படமெடுத்து வீட்டில் நிதானமாக வாசிக்க எண்ணினேன். திரையில் பார்த்தபோது எல்லாம் பளிச்சென்றிருந்தன. வீட்டுக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்துகள் மெழுகில் செய்தவைபோல் வழவழத்துக் கிடந்தன. ஓரிடத்தில் எழுத்தின் அடியில் இருந்தது வளைவா, கல் பெயர்ந்த தழும்பா என்று எனக்கும் கல்வெட்டு வாசிக்கும் நண்பருக்கும் அரைமணி நேரத் தர்க்கம். "கல்லைக் காட்டுங்கள் என்றால் நீங்கள் கைபேசியின் அபிப்பிராயத்தைக் காட்டுகிறீர்கள்" என்றார் அவர்.

அவர் சொன்னதில் மிகை குறைவு. முழுச்சட்டகக் கேமராவின் உணரி 36க்கு 24 மில்லிமீட்டர். பெரிய உணரி கொண்ட பல கைபேசிகளில்கூடச் சுமார் 10க்கு 7தான். பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு. வாங்கும் வெளிச்சம் குறைவு. எனவே பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கி, இரைச்சலைத் துடைத்து, விளிம்புகளைக் கூர்மையாக்கித் தருகிறது மென்பொருள். முகத்திற்கும் மலைக்கும் இது சரி. பொரிந்த கருங்கல்லில் எது உளிபட்ட கீறல், எது காலம் தின்ற குழி என்று அதற்குத் தெரியாது. சோழர் காலக் கல்வெட்டுகளிலோ பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி கிடையாது. காலும் ரகரமும் ஏறக்குறைய ஒரே உருவம். அங்கே ஒரு கீற்று அழிந்தால் ஒரு பெயரே மாறிவிடும். 2023இல் நிலவுப் படங்களைப் பற்றி ஒரு சர்ச்சை எழுந்தது. வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவை ஒருவர் திரையில் வைத்துப் படமெடுத்தார். மூலத்தில் இல்லாத நுணுக்கங்களைக் கைபேசி சேர்த்துக் கொடுத்தது. நிலவுக்கு அதனால் நட்டமில்லை, கல்வெட்டுக்கு உண்டு.

தவறு முழுவதும் கருவியுடையதன்று. நான் போனது உச்சிவேளையில். கல்லெழுத்தை வாசிக்கப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். காலையோ மாலையோ சாய்வெயில் விழும்போது பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். கைபேசியின் விளக்கு லென்ஸை ஒட்டியே இருப்பதால் நேராகப் பாய்ந்து இருக்கும் நிழலையும் விழுங்கிவிடுகிறது. இன்னொருவர் கைபேசி விளக்கைச் சுவரையொட்டிப் பக்கத்திலிருந்து பிடித்தால் பெருமளவு சரியாகும். செப்பமிடாத மூலப்படத்தைச் சேமிக்கும் வசதியும் பல கைபேசிகளில் இருக்கிறது. என்னுடையதிலும் இருந்திருக்கிறது, ஊர் திரும்பிய பிறகுதான் கண்டுபிடித்தேன்.

ஆகவே என் கட்சியைச் சற்றே திருத்திக்கொள்கிறேன். ஊரையும் மனிதர்களையும் சாப்பாட்டுக்கடையையும் நினைவில் வைக்கக் கைபேசி போதும். அங்கே அது செய்யும் ஒப்பனை யாரையும் கெடுப்பதில்லை. பின்னால் ஒருவர் வாசித்துச் சரிபார்க்க வேண்டிய பொருளென்றால் கேமரா வேண்டும். கூடவே ஒரு நோட்டும் பென்சிலும். கல்லின் முன்னால் நின்று கையால் பார்த்தெழுதிய இரண்டு பெயர்களில் மட்டும்தான் எனக்கும் நண்பருக்கும் தகராறு வரவில்லை.

மார்கழியில் மறுபடி போவதாக இருக்கிறோம், காலை ஏழு மணிக்கே. விளக்குப் பிடிக்க நண்பர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அலமாரியிலிருந்து கேமராவை எடுத்துப் பார்த்தேன். லென்ஸில் பூஞ்சை இல்லை, பேட்டரிதான் உப்பியிருக்கிறது.