வெறுங்காணி என்றொரு பொய்

வெப்ப மண்டலத் தீவொன்றில் ஒரு துண்டு நிலம், அருகே ஓடை, எதிரே நக்கிள்ஸ் மலைத்தொடர், காலையில் மூடுபனி. குளிர்நாட்டுச் செல்வர் பலர் தம் முதுமைக் காலத்துக்கெனக் காணும் கனவு இது. மாத்தளை மாவட்டத்து மலைச்சரிவுகளைக் காட்டி இக்கனவை விற்கும் தரகரும் நம்மிடையே உளர். ஆளரவமற்ற வெறுங்காணி என்று அவர்கள் விலை கூறுகின்றனர். அமைதியை நாடும் ஒருவரது ஆசையில் பிழை என்ன என்று கேட்கலாம். ஆசையோடு நமக்கு வழக்கில்லை. வெறுங்காணி என்னும் அச்சொல்லோடுதான் வழக்கு.

அச்சொல் புதியதன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்குச் சட்ட உருக் கொடுத்தது. காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியதே என அது விதித்தது. கண்டி நாட்டு உழவன் சேனை பயிரிட்டுவிட்டு, மண் ஆறட்டும் என்று விட்டுவைத்த நிலமும், அவன் மாடு மேய்த்த வெளியும், விறகு பொறுக்கிய காடும் ஒரே எழுத்தில் வெறுங்காணிகளாயின. பரம்பரை உரிமைக்குப் பத்திரம் எங்கே என்று கேட்டால் அவன் எதனைக் காட்டுவான்? ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்கு அந்நிலங்கள் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. வாங்கியோருள் தேசாதிபதியும் இருந்தார். உயர் உத்தியோகத்தரும் இருந்தனர். சட்டத்தை இயற்றியவர்களே சந்தையிலும் முன்வரிசையில் நின்றனர்.

1848 யூலையில் மாத்தளை கிளர்ந்தெழுந்தது. உடனடிக் காரணம் தொரிங்டன் தேசாதிபதி சுமத்திய புதிய வரிகள். அவற்றின் அடியில் நிலம் பறிகொடுத்த மக்களின் கொதிப்பும் இருந்தது. ஆகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே காலத்தில், அதே மாத்தளையை நோக்கி வடக்கிலிருந்து இன்னொரு மக்கட்கூட்டம் நடந்து வந்துகொண்டிருந்தது. பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்திய தமிழகத்து ஏழைகள் அவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காட்டுப்பாதையில் கால்நடையாக வந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியோரத்தில் மாண்டோர் பலர். எஞ்சியோர் காட்டை வெட்டிக் கோப்பியை நட்டனர். கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் நட்டனர். நிலத்தை இழந்தவன் சிங்கள உழவன். அந்நிலத்தில் உயிரைக் கரைத்தவன் தமிழ்த் தொழிலாளி. உறுதி எழுதிக்கொண்டவனோ மூன்றாமவன். முதலிருவரையும் ஒருவர்க்கொருவர் பகைவராக்கி, மூன்றாமவனை மறக்கச் செய்ததே பிற்காலத்து அரசியல் வணிகரின் திறமை.

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் தொழிலாளியை நாடற்றவனாக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கான மனிதரைப் பண்டம்போல் எண்ணிப் பங்கிட்டது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. துரைமார் மாறினர், லயம் மாறவில்லை.

நமது வகுப்பில் ஒருமுறை 'எனது வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னோம். லயத்துப் பிள்ளை ஒருத்தி இரண்டே வரிகளில் நிறுத்திவிட்டாள்: "எங்கள் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அப்பா வேலையை விட்டால் எங்கே போவோம் என்று தெரியாது." இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. சிவப்பு மையால் நாம் எதனைத் திருத்துவது?

பிறநாட்டார் காணி வாங்கத்தான் சட்டம் தடை செய்கிறதே என்பர் சிலர். மெய்தான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் பிறநாட்டார்க்கும், பாதியோ அதற்கு மேலோ அவர்களுக்குப் பங்குள்ள கம்பனிகளுக்கும் காணியை உரிமை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆயின் 99 ஆண்டுக் குத்தகைக்கு அது இடம் தருகிறது. பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கை உள்ளூரார் பெயரில் எழுதிவைக்கும் உபாயமும் உண்டு. நேற்று வந்தவர்க்கு 99 ஆண்டு. ஐந்தாறு தலைமுறை உழைத்தவனுக்கோ 99 நாளைக்கும் உறுதி இல்லை! அந்நியச் செலாவணி வரும் என்று வாதாடுவோர்க்கு ஒன்று சொல்வோம்: தேயிலை நூறாண்டுக்கு மேலாகச் செலாவணி ஈட்டித் தந்திருக்கிறது, அதில் லயத்துக் கூரைக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு?

பிறநாட்டான் என்பதற்காக நாம் எவரையும் வெறுக்கவில்லை. கொழும்புச் செல்வனும், கடல்கடந்து பொருளீட்டிய நம்மவனும் அதே தரகனிடம் அதே சரிவுக்கு விலை பேசும்போது நாம் மௌனம் சாதித்தால், நமது எதிர்ப்பு வெறும் இனவாதமாகவே முடியும். வாங்குபவனுடைய நிறம் இங்கே பொருட்டன்று. காணி பெறும் வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர் யார் என்பதே கேள்வி.

2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைப்பயணம் ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. முன்னோர் நடந்த வழியை நினைவிற்கொண்டு நடந்தவர்களின் கோரிக்கைகளுள் காணியுரிமையும் ஒன்று. அதே மாதத்தில், இதே மாவட்டத்துத் தோட்டமொன்றில், தொழிலாளிக் குடும்பமொன்றின் தற்காலிகக் குடிசை தோட்ட அதிகாரியால் இடித்துத் தள்ளப்பட்டதை நாடே பார்த்தது. வீடமைப்புத் திட்டங்கள் குடும்பத்துக்கு அளந்ததோ ஏழு பேர்ச். ஏக்கரொன்றில் 160 பேர்ச் உண்டு என்பதை நம் மாணவர் அறிவர். கணக்கை அவர்களே போடட்டும்.

தோட்டங்களில் பயிரின்றிக் கிடக்கும் நிலம் முதலில் லயத்துக் குடும்பங்களுக்கும் அயற்கிராமத்துக் காணியற்றோருக்கும் உரியதாகட்டும். கொழுந்தெடுக்கும் பெண்ணின் பெயரும் அவ்வுறுதியில் எழுதப்படட்டும். ஆசிரியத் தோழர்களே, 1840ஆம் ஆண்டின் சட்டத்தை வகுப்பறையில் வாசித்துக் காட்டுங்கள். சிங்களப் பாடசாலையில் கற்பிக்கும் தோழரையும் உடனழைத்துச் சொல்லுங்கள். அவருடைய பாட்டனின் சேனையும் அச்சட்டத்தில்தான் பறிபோயிற்று. அந்தப் பிள்ளை தன் கட்டுரையின் மூன்றாம் வரியை எழுதும் நாள் வரை, இம்மலையில் விற்பதற்கு வெறுங்காணி என்று ஒன்றில்லை.