கடல் கடந்த கூலியும் உள்ளூர் வரியும்

சென்னைப் புறநகரான குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது ஒரு தோல் தொழிற்சாலை. ஜி. ஏ. சேம்பர்ஸ் 1912-இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி அது. அடுத்திருந்த பல்லாவரத்திலும் தோல் பதனிடும் கூடங்கள் பெருகின. தோல் வியாபாரம் உள்ளூரோடு முடிவதில்லை. சரக்கு வாங்குபவர் ஐரோப்பாவில் இருப்பார். அவரிடம் ஆர்டர் பிடித்துத் தர அங்கேயே ஓர் ஏஜென்ட் வேண்டும். அந்த ஏஜென்ட் யாருக்கும் ஊழியர் அல்ல, விற்ற சரக்குக்குக் கமிஷன் வாங்கும் தனி ஆள். இன்று தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலோ மேடவாக்கத்து மாடி அறையிலோ இயங்கும் சிறு மென்பொருள் நிறுவனம், போலந்திலுள்ள டிசைனர் ஒருவருக்குப் பணம் அனுப்பும்போது கேட்டுக்கொள்ளும் கேள்வியைத் தோல் ஏற்றுமதியாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்துவிட்டார்கள். இந்தப் பணத்தில் இங்கே வரி பிடிக்க வேண்டுமா, வேண்டாமா?

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 195-ஆம் பிரிவு அந்தப் பொறுப்பைப் பணம் அனுப்புபவர் தலையில் வைத்தது. வெளிநாட்டில் இருப்பவரைத் துரத்திப் பிடிக்க அரசால் முடியாது. அவருக்குப் பணம் கொடுப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். காரணம் புரிகிறது, நியாயமும் உண்டு. ஆனால் அந்த வெளிநாட்டவரின் வருமானம் இந்தியாவில் வரிக்கு உட்பட்டதா என்பதைத் தீர்மானிக்கும் வேலையும் அந்தப் பொறுப்போடு சேர்ந்தே வந்தது. 1976 ஜூன் 1 முதல், தொழில்நுட்பச் சேவைக்காக இங்கிருந்து போகும் கட்டணம் இந்தியாவில் எழுந்த வருமானமாகக் கருதப்பட்டது. எது தொழில்நுட்பச் சேவை, எது வெறும் தரகு என்று பிரித்துப் பார்க்க வேண்டியவர் தோல் வியாபாரி.

நல்லவேளையாக அவருக்கு எழுத்தில் ஓர் உறுதி இருந்தது. வெளிநாட்டிலேயே வேலை செய்யும் ஏஜென்டின் கமிஷனுக்கு இங்கே வரி இல்லை என்பதை மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 1969-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை எண் 23-ஐ வைத்து நம்ப முடிந்தது. 2000-இல் வந்த 786-ஆம் எண் சுற்றறிக்கை அதையே மீண்டும் உறுதிசெய்தது. இடையில் 1980-இல், ஆந்திரப் புகையிலை ஏற்றுமதியாளருக்கு ஜப்பானில் விற்பனை ஏஜென்டாக இருந்த தோஷோகு நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்தக் கமிஷனுக்கு இங்கே வரி கிடையாது என்றது.

2009 அக்டோபர் 22 அன்று வாரியம் இந்தச் சுற்றறிக்கைகளைத் திரும்பப் பெற்றது. அதற்காகச் சட்டம் எதுவும் திருத்தப்படவில்லை. நாற்பது ஆண்டுகளாக வியாபாரிகள் நம்பி நடந்த வாக்குறுதி, ஒரு தாளில் போய்விட்டது.

விளைவு கடுமையாக இருந்தது. வரி பிடிக்கவில்லை என்றால் அந்தக் கமிஷனைச் செலவாகவே ஏற்க முடியாது என்றது 1961 சட்டத்தின் 40(அ)(i) பிரிவு. கையை விட்டுப் போன பணத்தை லாபமாக எண்ணி ஏற்றுமதியாளரே வரி கட்ட வேண்டும். உள்ளூர்க்காரருக்குக் கொடுத்ததில் இதே தவறு நேர்ந்தால், 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 30 சதவீதம்தான் மறுக்கப்படும். வெளிநாட்டவர் என்றால் முழுத் தொகையும். ஆர்டர் பிடித்துத் தருவதையே தொழில்நுட்பச் சேவை என்று சொல்லி அதிகாரிகள் கமிஷன்களை மறுத்தார்கள். 2014-இல் ஃபைசான் ஷூஸ் வழக்கிலும் 2016-இல் ஃபரிதா லெதர் வழக்கிலும் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமோ 2010-லேயே ஜிஇ இந்தியா வழக்கில், வரிக்கு உட்படாத தொகையில் பிடித்தம் தேவையில்லை என்று சொல்லியிருந்தது. பழைய சுற்றறிக்கை சொன்ன இடத்துக்கே வந்து சேர இத்தனை ஆண்டுகளும் இத்தனை வக்கீல் கட்டணமும் ஆயின. பெரிய ஏற்றுமதியாளர் உயர் நீதிமன்றம் வரை போவார். பத்துப் பேர் வேலை செய்யும் கடையால் முடியாது. அது முதல் நோட்டீஸிலேயே கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

இப்போது கேள்வி இன்னும் நுணுக்கமாகிவிட்டது. தொடக்கத்தில் சொன்ன டிசைனரைப் போன்றவர் தனி ஆளாக இருந்து, இந்தியாவில் நிலையான அலுவலகம் இல்லாமல், குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் இங்கே தங்காமல் இருந்தால் பல நாடுகளோடு உள்ள வரி ஒப்பந்தங்களின்படி இங்கே வரி இல்லை. அமெரிக்க ஒப்பந்தத்தில் அந்த வரம்பு 90 நாள். அதே வேலையை ஒரு கம்பெனியின் பெயரில் செய்தால் வேறொரு ஷரத்து. ஒப்பந்தத்தின் பலன் வேண்டுமென்றால் அவர் நாட்டு வரித்துறை தரும் வசிப்பிடச் சான்றிதழும், 1961 சட்டத்தில் 10எஃப் எனப்பட்ட, அவரே நிரப்பும் படிவமும் வர வேண்டும். வராவிட்டால் உள்நாட்டு விகிதம். 2023-இல் அது 10-லிருந்து 20 சதவீதமானது. வரிக்கு உட்பட்ட தொகை ஆண்டுக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டாதவரை ஆடிட்டர் சான்று வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் சிறு தொகையானாலும் தீர்மானம் அனுப்புபவருடையது, பழியும் அவருக்கே.

இதே புறநகரில் எதிர்ப்பக்கம் இருப்பவர்களும் உண்டு. செம்பாக்கத்தில் உட்கார்ந்து அமெரிக்க வாடிக்கையாளருக்கு நிரல் எழுதும் இளைஞரிடம் டபிள்யூ-8பென் என்ற ஒரு படிவத்தை நிரப்பித் தரச் சொல்கிறார்கள். வேலை அமெரிக்காவுக்கு வெளியே நடப்பதால் அந்தக் கூலியில் அங்கே பிடித்தம் இல்லை. படிவம் கையெழுத்தான ஆண்டுக்குப் பின் மூன்றாம் ஆண்டு முடியும் வரை செல்லும். அவருடைய சொந்த உறுதிமொழிதான் அது. இந்திய வரித்துறையின் முத்திரை தேவையில்லை, வாங்கிய நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. நம்மவரை அங்கே அப்படி நம்புகிறார்கள். அங்கிருந்து நமக்கு வேலை செய்பவரை நாமும் அப்படி நம்புவதில் கருவூலத்துக்கு என்ன நஷ்டம் வந்துவிடும்?

2026 ஏப்ரல் முதல் 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டம். 195-ஆம் பிரிவு 393-க்குள் போய்விட்டது. எண் மாறியதால் சுமை இறங்கவில்லை. தனி நபர் ஒருவர் இந்தியாவில் கால் வைக்காமல் செய்த சிறு வேலைக்கு, அவருடைய உறுதிமொழியே போதும் என்று ஒரு தொகை வரம்பை விதியில் எழுதலாம். கமிஷனைப் பொறுத்தவரை 2009-இல் திரும்பப் பெற்ற சுற்றறிக்கையின் சாரத்தை, நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட அளவுக்கு, வாரியமே மீண்டும் வெளியிட வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.