சிங்கமும் கல்மரமும்

‘ஸபாரி’ என்ற சொல் நமது ஜில்லாவில் நெடுங்காலம் ஓர் உடுப்பின் பெயராகவே வழங்கிவந்தது. அரைக்கைச் சட்டையும் கால்சட்டையும் ஒரே துணியில் தைத்து, நான்கு பைகளும் வைத்து, தலைமையாசிரியர்களும் தாசில்தார்களும் அணிந்து உலாவினார்களே, அதுதான் ஸபாரி. அந்த உடுப்போடு காட்டுக்குப் போனவர் எவரையும் நாம் அறியோம். கஜானாவுக்கும் கலியாணத்துக்கும் போனவர்களையே அறிவோம். அகராதியைப் புரட்டினால் வேறு விஷயம் தெரியவருகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலி மொழியில் ‘பிரயாணம்’ என்பதே அச்சொல்லின் பொருள். அரபு மொழியிலிருந்து அங்கே குடியேறிய அந்தச் சொல், ஹிந்துஸ்தானியில் வழங்கும் ‘ஸபர்’ என்பதன் உடன்பிறப்பு. வேட்டையும் இல்லை, மிருகமும் இல்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் போவதும் ஸ்வாஹிலிக்காரருக்கு ஸபாரிதான்!

நம்மிடம் படித்த திண்டிவனத்துப் பெண் ஒருத்தி இப்போது கென்யா தேசத்தின் தலைநகரான நைரோபியில் உபாத்தியாயினியாக இருக்கிறாள். விடுமுறை வந்ததும் உடன் பணிபுரியும் தோழியர் நால்வரோடு கிளம்பிவிடுகிறாள். ஒரு விடுமுறைக்கு மஸாய் மாராக் காடு. அடுத்ததற்கு மொம்பாஸா பட்டணம். அதற்கும் அடுத்ததற்கு ஸான்ஸிபார்த் தீவின் பழைய நகரம். கைபேசியில் அவள் அனுப்பும் படங்களைப் பார்த்த ஊரார் சிலர், “இந்தப் பணத்துக்கு நாலு பவுன் நகை பண்ணிக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்கிறார்கள். நகை பெட்டிக்குள் இருக்கும். கண்டுவந்த தேசமோ வகுப்பறைக்குள் வரும். உபாத்தியாயருக்குப் பிரயாணம் ஆடம்பரமன்று; தச்சனுக்கு உளி போன்ற கருவி அது.

இதற்கு அத்தாட்சி அவள் கடிதத்திலேயே இருக்கிறது. நைரோபி நகரத்தின் எல்லையை ஒட்டியே 1946-ல் ஏற்பட்ட தேசிய வனம் ஒன்று உண்டு. மாடமாளிகைகளைப் பின்னணியாகக் கொண்டு சிங்கம் உலாவும் விந்தையை அங்கே காணலாம். “விடியுமுன் போனோம், ஸார். வழிகாட்டி வண்டியை நிறுத்திவிட்டுப் பேசாமலிருக்கச் சொன்னார். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு, ‘அந்த மான்களின் காதுகளைப் பாருங்கள், எல்லாம் ஒரே திக்கில் திரும்பியிருக்கின்றன, சிங்கம் அங்கேதான்’ என்றார். அப்படியே இருந்தது. சிங்கத்தைவிட அவரிடந்தான் அதிகம் கற்றேன்” என்று எழுதியிருக்கிறாள். கடைசியில் ஒரு கேள்வியும் போட்டிருக்கிறாள்: “தோழிகள் நம் ஊர்ப் பக்கம் வர ஆசைப்படுகிறார்கள். எதைக் காட்டுவது, ஸார்?”

நேயர்களே, கேள்வி அவளுடையது மட்டுமன்று. விழுப்புரத்தில் ஐந்து திக்குகளிலிருந்து ரயில் வந்து கூடுகிறது. திண்டிவனத்தில் பஸ்கள் ஓயாமல் வந்து நின்று போகின்றன. ஆனால் உலகமே இந்த இரண்டு ஊர்களையும் காப்பி குடித்துவிட்டுக் கடந்துபோகும் இடங்களாகவே எண்ணுகிறது. உள்ளூரில் உள்ள நாமும் அப்படியே எண்ணலாமா? இந்நாட்டின் மிகப் பழைய வழிகாட்டி நூல்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பாணனை வழிப்படுத்துவது. அந்தத் தலைவனுடைய கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டிய இடமே.

ஆகையால் நமது பதில் வருமாறு:

முதல் நாள் திருவக்கரைக்குப் போகவேண்டும். வக்கிரகாளியம்மன் கோயிலால் பெயர்பெற்ற அந்த ஊரில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அசுரனுடைய எலும்புகள் என்று ஊரார் கதை சொல்வார்கள். 1781-ல் ஸொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் இவற்றைப் பற்றி எழுதினார். இப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாத்துவருகிறது. மரம் மண்ணில் புதைந்து, நீரில் கரைந்துவந்த சிலிக்கா அதன் நுண்ணறைகளில் புகுந்து, மரம் போய்க் கல் நின்றுவிட்டது. வளையங்களும் கணுக்களும் அப்படியே தெரிகின்றன. ஆனால் எந்த மரமும் நிற்கவில்லை, எல்லாம் படுத்திருக்கின்றன. கிளையில்லை, வேரில்லை, பட்டையுமில்லை. ஆகவே இவை இங்கே முளைத்தவையல்ல. பெருவெள்ளம் அடித்துக்கொண்டுவந்து போட்டவை என்பது ஆராய்ந்தவர்களின் முடிவு. மானின் காதைப் பார்த்துச் சிங்கத்தை அறிவதும், வேரில்லாததைப் பார்த்து வெள்ளத்தை அறிவதும் ஒரே வித்தைதான். இம்மரங்களுள் புளியின் உறவினமும் உண்டாம். புளியங்காடு என்று பொருள்படும் திந்திரிணிவனமே திண்டிவனம் ஆயிற்று என்பதை நினைத்தால் வேடிக்கையாக இல்லையா?

இரண்டாம் நாள், விடியுமுன், மரக்காணத்துக் கழுவெளி. சுற்றுப்புற ஏரிகளின் உபரிநீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் இந்தப் பரந்த சதுப்பு, 2021-ல் பறவைகள் சரணாலயமாயிற்று. பரப்பு 5,000 ஹெக்டேருக்கு மேல். 2024-ல் ராம்ஸார் உடன்படிக்கையின் பட்டியலிலும் சேர்ந்தது. மத்திய ஆசியாவிலிருந்து வரும் விருந்தாளிகளைக் காண மார்கழியும் தையும் நல்ல காலம். பூநாரை நிற்கும் இடத்தில் அதன் காலளவே நீர் என்றும், கூழைக்கடா மிதக்கும் இடத்தில் அதற்கும் ஆழம் என்றும் பிள்ளைகளே கரையிலிருந்து கணக்கிடலாம். அளவுகோல் வேண்டாம்; வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதுதான் கஷ்டம்!

மூன்றாம் நாள் விழுப்புரத்திலிருந்து செஞ்சிச் சாலையில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்குமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் பெருமையோடு கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ‘இல்லை’ என்பதைச் சொல்லியே பெருமை கொண்ட அரசன்! அங்கிருந்து செஞ்சிக் கோட்டை. 1677-ல் சிவாஜி கைப்பற்றிய அந்த மூன்று மலைகளுக்கு, 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது.

இவ்வளவும் இருக்க, நமது பள்ளிக்கூடங்கள் ‘சுற்றுலா’ என்று கிளம்பினால் வண்டி எங்கே போகிறது? இரவெல்லாம் பாட்டுப் போட்டுக்கொண்டு உதகைக்கும் மைசூருக்கும், தண்ணீரில் சறுக்கி விழும் கேளிக்கைப் பூங்காக்களுக்கும் போகிறது. போகட்டும், பிள்ளைகளின் குதூகலத்தைக் கெடுக்க நாம் யார்? ஆனால் ஆண்டில் ஒரு நாளாவது ஒரு மணி நேரப் பிரயாணத்தில் உள்ளதைக் காட்டவேண்டாமா? உலகம் சுற்றி அதைப்பற்றி நூல் எழுதிய ஏ. கே. செட்டியாரே, தமிழ்நாட்டைப் பற்றிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து வெளியிட்டார். தூர தேசம் கண்ட கண்ணே சொந்த ஊரின் அருமையை அறிகிறது.

இது வெறும் பொழுதுபோக்குச் சமாசாரமன்று. ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு சில்லு ஞாபகார்த்தமாக எடுத்துப் பையில் போட்டால், 2 கோடி ஆண்டு நிலைத்தது 20 ஆண்டில் தீர்ந்துபோகும். கரையோர நீர்நிலைகளை ஆக்கிரமிப்பும் இறால் பண்ணைகளும் அரித்துவருகின்றன. சட்டம் வேலி போடலாம். வேலிக்குள் என்ன இருக்கிறதென்று அறிந்த ஜனங்களே காவல் காக்கமுடியும். பூநாரையை ஒரு தரம் கண்ட பிள்ளை, பெரியவனானதும் அதன் தண்ணீரை விற்கக் கை கூசும். காணாத பிள்ளைக்கு அது வெறும் உப்பளத் தரிசு. ஏக்கர் என்ன விலை என்றுதான் கேட்பான்.

நைரோபிப் பெண்ணுக்கு நாம் எழுதியது இவ்வளவே: “தோழியரை அவசியம் அழைத்து வா, அம்மா. தை மாதமாகப் பார்த்து வா. அதற்குள் நம் பிள்ளைகளில் பத்துப் பேரைப் பழக்கி வைக்கிறோம். வழிகாட்டிகள் அவர்களே.”