இரண்டு 'டிக்' போதுமா?

குடிநோயைக் கண்டறிய, பெரியவர்களை அளக்கும் கோலே பதினாறு வயதுக்கும் போதும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு (2013), ஓராண்டுக்குள் 11 அறிகுறிகளில் 2 தென்பட்டாலே 'மதுப் பயன்பாட்டுக் கோளாறு' என்று சொல்லப் போதும் என்கிறது. அதுவே அவருக்கு ஆதாரம். கையேட்டில் இருப்பதாலேயே அது சரியாகிவிடுமா?

ஒரு பையன். முதலில் ஒரு பீருக்கே தலை சுற்றியது. ஆறு மாதத்தில் மூன்று தேவைப்படுகிறது. 'தாங்குதிறன்' என்று ஒரு டிக். "நினைத்ததைவிட அதிகம் குடித்தாயா?" "ஆமாம், நண்பர்கள் விடவில்லை." இன்னொரு டிக். இவ்வளவுதான் குடிப்பது என்று அவன் நினைத்துப் போகவே இல்லை. அளவு வைக்காதவன் அளவு மீறியது எப்படி? ஆனாலும், எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 'லேசான' நோயாளி.

அதே பட்டியலில் உள்ள, குடியை நிறுத்தும்போது வரும் கைநடுக்கம் போன்ற விலகல் அறிகுறிகளோ பெரும்பாலும் பல ஆண்டுக் குடியின் விளைவு; இந்த வயதில் அரிது.

இதே கையேட்டின் 1994 பதிப்பில் மதுச் சார்புநிலைக்கு 3 அறிகுறிகள் தேவைப்பட்டன. ஒன்றிரண்டோடு நின்ற பிள்ளைகள் பலர் எந்தப் பட்டியலிலும் சேராமல் 'நோயறிதல் அனாதைகள்' ஆனார்கள். புதிய விதி அவர்களில் பலரைச் சேர்த்துக்கொண்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வலைக்கண்ணைச் சுருக்கினால் குஞ்சுமீனும் சிக்கும். எத்தனை பேர் சிக்கினார்கள் என்பதல்ல கேள்வி. ஒரே கேள்வி இரு வயதிலும் ஒரே பொருளைத் தருகிறதா என்பதே.