பெயரோடு படியுங்கள்

தகவல் உரிமைச் சட்டத்தில் கடைசியில் கைவைத்தே விட்டார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியபோதே தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் அதன் 44(3) பிரிவைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அன்றிலிருந்து சும்மா கிடந்த அந்தப் பிரிவு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அப்போதிலிருந்து எனக்கு அதே கோபம்தான்.

விஷயம் இதுதான். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத சொந்த விவரங்களைத் தர வேண்டியதில்லை என்றது. கூடவே, சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் மறுக்க முடியாத தகவலைச் சாதாரண மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருந்தது. இப்போது அந்த நிபந்தனையும் போயிற்று, அந்த வரியும் போயிற்று. சொந்த விவரமா, மறுத்துவிடலாம். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்கிற 8(2) இன்னும் இருக்கிறதே என்று சமாதானம் சொல்கிறார்கள். இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்வதைவிட, மறுத்துவிட்டு மேல்முறையீட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எந்தத் தாலுகா அலுவலகத்திலும் ஒரு பொதுத் தகவல் அலுவலர் நினைப்பார்.

ஊரக வேலைத் திட்டத்தின் வருகைப் பதிவேட்டில் என்ன இருக்கிறது? பெயர்கள். இலவச வீட்டுப் பட்டியலில்? பெயர்கள். முதியோர் உதவித்தொகையிலும் அதேதான். பெயரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கூட்டுத்தொகை. கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு எந்தத் திருட்டையும் கண்டுபிடிக்க முடியாது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அருணா ராயின் ‘தி ஆர்டிஐ ஸ்டோரி’. 2018இல் வந்த புத்தகம். சென்னையில் பிறந்த அருணா ராய் ஐஏஎஸ் வேலையை எழுபதுகளில் உதறிவிட்டு ராஜஸ்தானுக்குப் போகிறார். தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரோடு ஒரு மண்வீட்டில் குடியேறுகிறார். 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு பிறக்கிறது. பஞ்ச நிவாரண வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், பதிவேட்டைப் பார் என்றார்கள். பார்க்கிறோம், காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ரகசியம் என்றார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. கிடைத்த பில்களையும் பதிவேடுகளையும் ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் காதால் கேட்டே கணக்கைத் தணிக்கை செய்தார்கள். 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. சங்கர் சிங் பொம்மலாட்டம் நடத்திச் சிரிக்கவைத்தே தகவல் உரிமையை விளக்கினார். அங்கே எழுந்த கோரிக்கைதான் 2005 சட்டத்தின் விதை. நம் தமிழ்நாடு அதற்கு முன்பே, 1997இல், நாட்டிலேயே முதலாவதாக இப்படி ஒரு சட்டம் போட்டது. ஆனால் விதிவிலக்குகளை அடுக்கிவிட்டதால் அது மக்கள் கைக்கு வரவே இல்லை.

மறுபடி உரக்கப் படிப்பதற்கே வருகிறேன். சட்டத் திருத்தத்தைப் பற்றி இன்னும் எழுதக் குறிப்புகள் வைத்திருந்தேன். அவற்றை ஓரமாக வைக்கிறேன். அண்மையில் அஞ்செட்டிப் பக்கம் ஒரு கிராம சபையில் பார்த்ததை எழுதாவிட்டால் எனக்கு ஆறாது.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு வந்தது தனி அலுவலர்கள் நிர்வாகம். அந்தக் கூட்டத்தில் வரவு செலவை ஊராட்சிச் செயலர் தமிழில் வாசித்தார். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். தமிழ் புரியாது என்றில்லை. கடைத்தெருத் தமிழ் புரியும், கணக்குத் தமிழ் புரியாது. “பராமரிப்புச் செலவினம்” என்றால் தலையாட்டுவார்கள். அப்போது ஓசூரில் கல்லூரிக்குப் போய்வரும் ஒரு பெண் எழுந்து, ஐயா, ஒவ்வொரு வரியாக நிறுத்துங்கள், நான் கன்னடத்தில் சொல்கிறேன் என்றாள். செயலரும் நல்ல மனிதர், நிறுத்தினார். நாலாவது வரியில் மோட்டார் ரிப்பேர் வந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி, “அது யாவ மோட்டாரு?” என்றார். எந்த மோட்டார், எந்தத் தெரு, எப்போது கழற்றினார்கள் என்று கேள்விகள் கிளம்பின. அரைமணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய கூட்டம் சாப்பாட்டு வேளை தாண்டிப் போனது. பாதிக் கேள்விகளுக்குப் பதில் இருந்தது. மீதிக்கு அடுத்த கூட்டத்தில் பில்லோடு வருவதாகச் செயலர் எழுதிக்கொண்டார். எத்தனையோ கிராம சபைகளுக்குப் போயிருக்கிறேன், இப்படி ஒன்று பார்த்ததில்லை.

அந்தப் பெண் செய்தது ஒரு உபகாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சட்டம் அரசுக்குச் சொன்ன வேலை அது. 2005 சட்டத்தின் 4(4) பிரிவை எடுத்துப் பாருங்கள். தகவலைப் பரப்பும்போது உள்ளூர் மொழியையும், அந்த வட்டாரத்தில் எந்த வழி நன்றாகச் சென்று சேருமோ அதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது. அறிவிப்புப் பலகை, பொது அறிவிப்பு, பத்திரிகை, ஊடக ஒலிபரப்பு என்று வழிகளையும் சொல்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவோ, மாநிலத்தில் புழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்கும் மனு கொடுக்கலாம் என்கிறது. தேன்கனிக்கோட்டையில் பேட்டராய சுவாமி கோயில் பக்கம் கால்மணி நேரம் நின்றால் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நாலும் காதில் விழும். அரசுப் பலகைகளில் ஏன் ஒன்று மட்டும்?

மொழி மட்டுமா தடை? இந்த நாட்டுப்புறத்தில் கணக்கு என்பது வெகுகாலம் ஒரு வீட்டுக்குள் இருந்தது. ஊர்க்கணக்கு எழுதும் கர்ணம் வீட்டுத் திண்ணைக்குப் போய் நின்றால்தான் அடங்கலைக் கண்ணால் பார்க்கலாம், அதுவும் அவர் மனம்வைத்தால். எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம் முதலான கிராமப் பதவிகளை ஒழித்தது. உச்ச நீதிமன்றமும் 1982இல் அதைச் சரி என்றது. கணக்கு வீட்டைவிட்டு அலுவலகத்துக்கு வந்தது. இப்போது பட்டாவும் சிட்டாவும் இணையத்தில் கிடைக்கின்றன, அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் சிக்னல் தேடி மேட்டில் ஏற வேண்டிய மலையூர்க்காரருக்கு அது இன்னமும் அடுத்தவர் திண்ணையில்தான் இருக்கிறது.

தண்டோரா போடுவதை 2022இல் அரசு நிறுத்தச் சொன்னது. ஒரு சாதியின் தலையில் கட்டிய இழிவு அது, ஒழிந்தது நல்லது. செய்தியை வாசல்வரை கொண்டுபோய்ச் சொல்வது அரசின் கடமை என்ற நினைப்பும் அதோடு சேர்ந்து ஒழியக் கூடாது.

ஜனவரி 26இல் கிராம சபை கூடும். தளி, கெலமங்கலம், அஞ்செட்டி வாசகர்கள் இப்படி ஒரு தீர்மானம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: வரவு செலவும் பயனாளிகள் பட்டியலும், பெயரோடு, ஊரில் பேசும் மொழிகள் அத்தனையிலும் உரக்க வாசிக்கப்பட வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகுதான் கையெழுத்துப் போடுங்கள். நகலை எனக்கு அனுப்பினால் ஊர்ப் பெயரோடு இங்கே வெளியிடுகிறேன்.