உப்பளத்திலும் உண்டு கணினிப் பாடம்

“கணினியைத் தமிழில் கற்க இயலுமா?” என வினவுவார்க்கு, இடையஞ்சாவடிக்கு வடக்கே விரியும் மரக்காணத்து உப்பளங்களே விடை கூறும். ‘உவர்நீர் அடர்ந்ததா? அடர்ந்தால் அடுத்த பாத்திக்கு மடையைத் திற, இல்லையேல் காத்திரு.’ அளத்துத் தொழிலாளி கைக்கொள்ளும் இவ்வொழுங்கே கணினி நிரலின் கருவுமாகும். எண்ணம் நம்முடையதாயிருக்க, அதனைச் சொல்ல அயன்மொழி எதற்கு?

இவ்வழி புதிதன்று. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1872இல் உடற்கூற்று நூலையும் தமிழில் தந்தார். பெ.நா. அப்புசாமி (1891–1986) அறிவியலை எளிய தமிழில் எழுதிக் குவித்தார். கோவையில் 1948இல் ‘கலைக்கதிர்’ முளைத்தது. மணவை முசுதபா கணினிச் சொற்களுக்கென அகராதியே தொகுத்தார். ‘எழில்’ என்னும் நிரல்மொழியிலோ ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ என்பனவே கட்டளைச் சொற்கள். ‘கணியம்’ 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கி, நூல்களை விலையின்றி வழங்கி வருகிறது.

ஆகவே, குறை நூலின்மையன்று, நம் தேடலின்மையே! மேடையில் தமிழை வாழ்த்திவிட்டு, வீட்டில் பிள்ளைக்கு அறிவியலை ஆங்கிலத்தில் மட்டுமே வாங்கித் தருவோமாயின், தமிழ் பாட்டுக்கும் பழம்பெருமைக்கும் மட்டுமே உரியதாய்க் குறுகிப்போம்.

அன்பர்களே! இத்திங்கள் ஓர் அறிவியல் நூல், ஒரு கணினி நூல், இரண்டையும் தமிழில் தேடிப் பெறுங்கள். படித்தபின் உங்கள் ஊர் நூலகத்திற்குக் கொடுங்கள். அளத்துப் பிள்ளையின் கைக்கு அவை சென்று சேரட்டும்.