சிப்பாயின் டப்பாவைத் திறந்தால்

1852 ஜனவரி. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தை அடுத்த காஸ்போர்ட்டில் உள்ள கடற்படைக் கிடங்கில், அதிகாரிகள் தகர டப்பாக்களை ஒவ்வொன்றாக வெட்டித் திறந்து பார்த்தார்கள். மாலுமிகளுக்காக வாங்கி அடுக்கிய இறைச்சி. முதல் டப்பா அழுகல். அடுத்ததும் அழுகல். நூற்றுக்கணக்கில் திறந்ததில், சாப்பிடத் தேறியவை கொஞ்சமே. நாற்றம் தாங்காமல் கல்தரையில் கிருமிநாசினிச் சுண்ணாம்பைக் கொட்டிவிட்டு வேலையைத் தொடர வேண்டியிருந்தது. சப்ளை செய்த ஸ்டீபன் கோல்ட்னரின் விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது.

பழைய ராணுவ ரேஷனைத் திறந்து சோதிப்பது இன்று பலருக்கு ஆசை ஆசையாய்ச் செய்யும் பொழுதுபோக்கு. அன்றைக்கு அது உயிர்ப் பிரச்சினை. கோல்ட்னர் டப்பாவின் அளவைப் பெரிதாக்கியிருந்தார். பெரிய டப்பாவைக் கொதிநீரில் வேகவைத்தால் ஓரத்தில் இருக்கும் கறி வெந்துவிடும். நடுவில் இருப்பது அரைவேக்காடாகவே நிற்கும். அந்த நடுப்பகுதியில் பிழைத்துக் கிடப்பது என்ன என்பதை அன்று யாரும் அறியவில்லை. 1890-களின் நடுவில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிரெஸ்காட், அண்டர்வுட் என்ற இருவர் கெட்டுப்போன சிப்பி டப்பாக்களை ஆராய்ந்த பிறகுதான், கொதிநீருக்கும் சாகாத பாக்டீரிய வித்துகள் உண்டு என்பது டப்பா உணவுத் தொழிலுக்குப் புரிந்தது.

ஆனால் அதற்கும் முன்னால் செய்த டப்பாக்களில் தங்கமானவையும் இருந்தன. 1824-ல் வில்லியம் எட்வர்டு பாரியின் ஆர்க்டிக் பயணத்துக்குக் கப்பலேறிய டப்பா ஒன்று, உள்ளே நாலு பவுண்டு கன்றுக்குட்டி இறைச்சியுடன் திறக்கப்படாமலே ஊர் திரும்பி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதை 1938-ல் திறக்க வைத்தவர் ஜாக் டிரம்மண்ட் என்ற உயிர்வேதியியல் அறிஞர். நூறு வயதைத் தாண்டிய கறி. எலிகளுக்கும் ஒரு பூனைக்கும் கொடுத்தார்கள். எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த டப்பா இன்று லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து டப்பாவைத் திறக்க உளியும் சுத்தியலும் வேண்டியிருந்தது. டப்பா வந்து நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் டப்பா திறப்பான் வந்தது.

இந்த இரண்டு டப்பாக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். அடிப்படைச் செய்முறை ஒன்றுதான். ஒன்றைப் பொறுப்போடு செய்தார்கள், மற்றொன்றைக் காசுக்காகச் செய்தார்கள். தன் சிப்பாயை ஓர் அரசு எப்படி மதித்தது என்பதை அறிய, தளபதிகளின் நினைவுக் குறிப்புகளைவிட இந்த டப்பாக்களே நம்பகமான சாட்சி.

போயர் யுத்தத்தில், அதாவது 1899 முதல் 1902 வரை, பிரிட்டிஷ் சிப்பாயின் இடுப்பில் ஒரு சின்னத் தகரக் குழாய் தொங்கியது. ஒரு பாதியில் கெட்டியாக்கிய மாட்டிறைச்சி, மறுபாதியில் கோக்கோ. அதிகாரி உத்தரவு தராமல் திறக்கக் கூடாது, உயிர் போகும் நிலை வந்தாலொழியச் சாப்பிடக் கூடாது என்ற எச்சரிக்கை மேலேயே இருக்கும். பசியோடு நடக்கிறவனின் இடுப்பில் சாப்பாடு ஆடிக்கொண்டே வரும். கை வைக்க முடியாது.

அமெரிக்கர்கள் இதே கணக்கை இன்னொரு விதமாகப் போட்டார்கள். 1937-ல் பால் லோகன் என்ற ராணுவ கேப்டன் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனிக்குப் போய் நாலு அவுன்ஸ் எடையில் ஒரு கட்டி கேட்டார். வெயிலில் உருகக் கூடாது, சத்து நிறைய இருக்க வேண்டும், ருசி மட்டும் வேகவைத்த உருளைக்கிழங்கைவிடச் சற்றே மேலாக இருந்தால் போதும். அதற்கு மேல் ருசித்தால் அவசர காலத்துக்கு வைக்காமல் சிப்பாய் முதல் நாளே தின்றுவிடுவான் என்பது அவர் கவலை. கிடைத்தது 600 கலோரி கொண்ட கசப்புக் கட்டி. பல் பலமில்லாதவர்கள் கத்தியால் சீவிச் சீவித்தான் தின்றார்கள். இன்றைக்கு அப்படியொரு கட்டியின் உறையைப் பிரித்தால், சாக்லேட்டின் மேல் சாம்பல் பூத்தாற்போல வெண்படலம் படர்ந்திருக்கும். அது பூஞ்சை அல்ல. கொழுப்பு மேலே வந்து உறைந்தது.

இரண்டாம் உலகப் போரின் கே ரேஷன்தான் பிரித்துப் பார்க்க மிகச் சுவாரசியமானது. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்து உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸ் வகுத்த திட்டம் அது. பின்னாளில் கொழுப்பும் இதய நோயும் பற்றிய ஆய்வுகளால் புகழ்பெற்ற அதே கீஸ். காலை, மதியம், இரவு என்று மூன்று மெழுகு அட்டைப் பெட்டிகள். காலைப் பெட்டியில் முட்டை கலந்த பன்றிக்கறி டப்பா, பிஸ்கட், உலர்பழக் கட்டி, காபித் தூள், சர்க்கரை, சூயிங்கம், நாலு சிகரெட். மதியத்தில் சீஸும் எலுமிச்சைப் பொடியும். இரவுப் பெட்டியில் இறைச்சி, சூப்புத் தூள், சாக்லேட், கழிப்பறைத் தாள். அட்டைப் பெட்டியைக் கொளுத்தினால் அந்த மெழுகே ஒரு குவளைக் காபியைச் சூடாக்கிவிடும். வெறும் அட்டையைக்கூட வீணாக்காமல் யோசித்த மூளை மெச்சத்தக்கதுதான்.

ஆனால் அது சில நாள் தாக்குப்பிடிக்கச் செய்த உணவு. 1944-ல் பர்மாக் காடுகளில் மெரில் என்ற அமெரிக்கத் தளபதியின் படையினர் வாரக்கணக்கில் அதையே தின்று நடந்தார்கள். மெலிந்தார்கள், நோயில் விழுந்தார்கள். உயிர்ச்சத்து சி-க்காக வைத்த எலுமிச்சைப் பொடியோ பல இடங்களில் புளிப்புத் தாங்காமல் தூக்கி எறியப்பட்டது. காகிதத்தில் சரியாக இருந்த சத்துக் கணக்கு களத்தில் காலை வாரியது. பெட்டியைத் திறந்து பொருள்களை எண்ணுகிறவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்: உள்ளே இருந்தது எல்லாம் வயிற்றுக்குள் போகவில்லை.

டப்பாவைத் திறக்க ராணுவம் தந்த கருவி 1942-ல் சிகாகோ ஆய்வுக்கூடத்தில் பிறந்த பி-38. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத மடக்குத் தகடு. கழுத்துச் சங்கிலியில் அடையாளத் தகட்டோடு கோத்துக்கொள்வார்கள். சேகரிப்பவர்கள் இன்றும் பழைய டப்பாவை இதைக்கொண்டே திறக்கிறார்கள்.

திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியது நிறைய. டப்பாவின் இரு முகமும் உப்பாமல் இருக்க வேண்டும். துரு மேலோடு நிற்கிறதா, தகரத்தைத் துளைத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மடிப்பில் கசிந்து காய்ந்த கறை இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முதல் குத்தில் காற்று உள்ளே இழுபட்டால் வெற்றிடம் இத்தனை காலம் நின்றிருக்கிறது. வெளியே பீய்ச்சினால் உள்ளே வாயு உற்பத்தியாகியிருக்கிறது. பழ டப்பாக்கள் பெரும்பாலும் முதலில் போகும், புளிப்பு அமிலம் தகரத்தை அரித்துவிடும். பிஸ்கட்டிலும் வேர்க்கடலை வெண்ணெயிலும் சிக்கு வாடை ஏறியிருக்கும். காபித் தூள் இறுகிக் கருங்கல்லாகும். சர்க்கரைக்கும் உப்புக்கும் ஒன்றும் ஆகாது.

1980-களில் டப்பா போய், எம்.ஆர்.இ. எனப்படும் தடித்த பைகள் வந்தன. அவற்றின் மீது நாலு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், மீதி மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 1068 என்றால் ஒன்றில் முடியும் ஆண்டின் 68-வது நாள், அதாவது மார்ச் 9. எந்தப் பத்தாண்டு என்பதைப் பையின் நிறமும் உணவுப் பட்டியலும்தான் சொல்லும். ஒரு பையை வைத்து இத்தனை துப்பறியலாம் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் கவர்ச்சி.

ருசி பார்ப்பதுதான் சிக்கல். 2009-ல் ஓய்வுபெற்ற ஓர் அமெரிக்கக் கர்னல், வியட்நாம் காலத்திலிருந்து பத்திரப்படுத்திய 1969-ம் ஆண்டுக் கேக் டப்பாவைப் பென்டகனில் நண்பர்கள் முன்னிலையில் திறந்து தின்றார், ஒன்றும் ஆகவில்லை. ஸ்டீவ்1989 என்ற யூடியூபர் 1863-ம் ஆண்டு உள்நாட்டுப் போர் பிஸ்கட்டையே கடித்துக் காட்டினார். லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். பொருளைத் தட்டில் பரப்பி, எழுத்தையும் பொட்டலத்தையும் அவர் பொறுமையாகக் காட்டும் விதம் உண்மையிலேயே ஆவணப் பணி. அந்தக் கடியைப் பின்பற்றத்தான் கூடாது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா காற்றில்லாத டப்பாவுக்குள் உண்டாக்கும் நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை. மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மிகச் சிறிய அளவே நரம்புகளை முடக்கி மூச்சை நிறுத்திவிடும்.

இந்தியாவிலும் இந்த வரலாறு எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. 1961-ல் மைசூரில் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம், கெடாத சப்பாத்தியிலிருந்து பையில் அடைத்த புலாவ் வரை எத்தனையோ செய்து எல்லைக்கு அனுப்பியிருக்கிறது. ராணுவத்தில் இருந்து வந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்களின் பழைய டிரங்குப் பெட்டியில் பிரிக்காத பொட்டலம் ஒன்று கிடைத்தால், குப்பையில் போடாதீர்கள். அதன் எழுத்துகளைப் படம் எடுங்கள், தேதியைக் குறியுங்கள், அதைச் சாப்பிட்டவர் உயிரோடு இருந்தால் எங்கே, எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உப்பியிருந்தால் திறக்கவே வேண்டாம். உப்பாமல் இருந்தாலும் வாயில் மட்டும் வைக்காதீர்கள்.